சிரசாசனம்: உடம்பின் எடை எங்கே இறங்குகிறது?

ஜூன் 21 நெருங்கினால் தலைகீழாக நிற்கும் படங்கள் கைபேசி முழுக்க வந்துவிடும். ஆனால் அதே சர்வதேச யோகா தினத்துக்காக மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்டிருக்கும் பொதுப் பயிற்சி முறையைப் புரட்டிப் பாருங்கள். தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம், புஜங்காசனம், சேதுபந்தாசனம் எல்லாம் இருக்கும். சிரசாசனம் இருக்காது. ஆசனங்களின் அரசன் என்று பேரெடுத்த ஒன்றை ஏன் விட்டுவிட்டார்கள்?

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. மூளைக்கு ரத்தம் பாயும், ஞாபகசக்தி கூடும், முடி கொட்டாது என்பது ஒரு பக்கம். கழுத்து போய்விடும், பக்கவாதம் வந்துவிடும், கிட்டவே போகாதே என்பது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. தலைகீழாக நிற்கும்போது உடம்பின் எடையில் எவ்வளவு கையில் இறங்குகிறது, எவ்வளவு கழுத்தில் இறங்குகிறது என்பதுதான் அது. இந்த ஆசனத்தைக் கற்றுக்கொள்வதில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கைச் சரிசெய்யும் வேலை.

எந்தச் சிரசாசனம்?

தலைகீழாக நிற்பதில் பல வகை உண்டு. இங்கே பேசுவது சாலம்ப சிரசாசனம், அதாவது ஆதாரத்தோடு செய்யும் சிரசாசனம். இரண்டு கை விரல்களையும் கோத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கைகளைத் தரையில் ஊன்றி, உச்சந்தலையைத் தரையில் வைத்து, பிடரியைக் கைகளுக்குள் அணைத்து நிற்பது. இதில் ஆதாரம் என்பது முன்கைகள். சுவரை ஆதாரம் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். சுவர் விழாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். எடையைக் குறைக்காது.

உள்ளங்கைகளைத் தரையில் பதித்து, தலையோடு சேர்த்து முக்கோணமாக நிற்கும் வகையும் உண்டு. அதில் ஏறுவது சுலபம்போலத் தெரியும். ஆனால் அங்கே எடை தலைக்கு அதிகமாகப் போகும், தொடக்கத்துக்கு ஏற்றதல்ல.

கழுத்தில் விழும் எடை

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள். நாம் நிமிர்ந்து நிற்கும்போது அவை தாங்குவது தலையின் எடையை மட்டும், அதாவது ஏறக்குறைய 5 கிலோ. இடுப்புப் பகுதியில் இருக்கும் ஐந்து முள்ளெலும்புகளோடு ஒப்பிட்டால் இவை மிகவும் சின்னவை. முழு உடம்பையும் தாங்க வளர்ந்தவை அவையல்ல.

சிரசாசனத்தில் அந்த எலும்புகள்மேல் எவ்வளவு விழுகிறது என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்களைத் தரையில் விசையளக்கும் தட்டுகளின் மேல் மூன்று விதமாக ஏறச் சொல்லிப் பார்த்தார்கள். தலையில் விழுந்த உச்ச அழுத்தம் உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை இருந்தது. 60 கிலோ எடையுள்ளவருக்கு இது 24 முதல் 29 கிலோ. சும்மாடு கட்டி ஒரு சிப்பம் அரிசியைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதற்குச் சமம். வருஷக்கணக்கில் தலைச்சுமை தூக்கிப் பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் நாள் முழுக்கக் கணினிமுன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பவரின் கழுத்துக்கு அது புதுச் சுமை. பழகியவர்களிடமே இவ்வளவு என்றால், முதல் வாரத்தில் துள்ளி ஏறுகிறவர்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

எடை எவ்வளவு என்பதைவிட அது எப்படி இறங்குகிறது என்பது முக்கியம். மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. கழுத்தின் வளைவு. கழுத்தெலும்புகள் பக்கவாட்டில் பார்த்தால் முன்பக்கமாக லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு இருக்கும்வரை எலும்பு, இடையிலுள்ள தட்டு, சுற்றியுள்ள தசை எல்லாம் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பிடரிப் பக்கம் தரையில் பட்டால் கழுத்து குனிந்து வளைவு நிமிர்ந்துவிடும். அப்போது தட்டுகள் நேரடியாக நசுங்கும். நெற்றிப் பக்கம் பட்டால் கழுத்து பின்னால் மடங்கி, எலும்புகளின் பின்பக்க மூட்டுகளில் எடை குவியும். நேராகப் பார்த்தபடி நின்று, தலைமேல் ஒரு அட்டைப் புத்தகத்தை வைத்துப் பாருங்கள். அது எங்கே ஆடாமல் உட்காருகிறதோ, அந்த இடம்தான் தரையில் பட வேண்டும்.

2. வேகம். ஒற்றைக் காலை உதைத்து எகிறும்போது உடம்பின் எடையோடு அந்த வேகமும் சேர்ந்து கழுத்தில் அடிக்கிறது. நின்றுவிட்ட பிறகு இருக்கும் அழுத்தத்தைத் தாங்கும் கழுத்து, ஏறும் நொடியின் குலுக்கலைத் தாங்காமல் போகலாம்.

3. திருப்பம். மேலே நின்றபடி ‘கால் நேரா இருக்கா?’ என்று தலையைத் திருப்பிப் பார்ப்பது மிகக் கெட்ட பழக்கம். சுமை ஏறிய கழுத்தைத் திருக்குவது தட்டுக்குச் செய்யும் பெரிய தீங்கு. பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கை நீளமும் ஒரு காரணம்

ஒரே வகுப்பில் ஒரே மாஸ்டரிடம் கற்ற இரண்டு பேரில் ஒருவருக்குக் கழுத்து வலிக்கிறது, மற்றவருக்கு ஒன்றுமில்லை. பலர் இதைப் பயிற்சிக் குறை என்று நினைக்கிறார்கள். பல நேரம் அது எலும்பின் அளவு.

நேராக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் காதோரமாகத் தூக்கி, தலைக்கு மேலே ஒரு கையால் மற்ற முழங்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் பாருங்கள். முழங்கைகள் உச்சந்தலையைவிட ஓரிரு அங்குலம் மேலே இருந்தால், தலைகீழாகும்போது கைகள் நன்றாகத் தள்ளித் தலையின் சுமையைக் குறைக்க முடியும். முழங்கையும் உச்சந்தலையும் ஒரே மட்டத்தில் இருந்தாலோ, முழங்கை அதற்குக் கீழே இருந்தாலோ, என்னதான் தோளால் தள்ளினாலும் எடை தலைக்குத்தான் போகும். மேல்கை குட்டையாகவோ கழுத்து நீளமாகவோ உள்ளவர்களின் நிலை இது.

அவர்களுக்கு வழி இருக்கிறது. முன்கைகளின் கீழ் மட்டும் நன்றாக மடித்த போர்வையை வைத்து, தலை படும் இடத்தை வெறும் தரையாக விட்டால் கைக்கு அந்தக் கூடுதல் உயரம் கிடைத்துவிடும். ஆனால் வழக்கமாக எல்லோரும் செய்வது நேர்மாறு. தலை வலிக்கிறதே என்று தலைக்கடியில் தலையணையைத் திணிப்பார்கள். தலையணை அமுங்கும், தலை ஆடும், எடை இன்னும் தலையிலேயே ஏறும். தோள் இறுக்கத்தால் கையைக் காதருகே கொண்டுவரவே முடியாதவர்களுக்கும் இந்தச் சோதனை பதில் சொல்லிவிடும். அவர்கள் முதலில் தோளைத்தான் கவனிக்க வேண்டும்.

ரத்தம் தலைக்குப் போனால் என்ன ஆகும்?

நிற்கும்போது தலை இதயத்துக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்கான ரத்தத் தூணின் அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குச் சற்று மேல். ஆகவே நிற்கும்போது தலையில் உள்ள ரத்த அழுத்தம் இதயத்தில் இருப்பதைவிட அவ்வளவு குறைவு. தலைகீழானால் அவ்வளவு கூடுதல். முகம் சிவப்பதும், நெற்றி நரம்பு புடைப்பதும், கண் கனப்பதும் இதனால்தான்.

ஆனால் அழுத்தம் கூடுவது வேறு, மூளைக்குள் பாயும் ரத்தத்தின் அளவு கூடுவது வேறு. அழுத்தம் ஏறினால் மூளையின் ரத்தக்குழாய்கள் தாமாகச் சுருங்கும், இறங்கினால் விரியும். படுத்தாலும் நின்றாலும் ஓடினாலும் மூளைக்குப் போகும் ரத்தம் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். எனவே ‘மூளைக்கு ரத்தம் கொட்டும், படிப்பு வரும்’ என்பதை நம்பிப் பிள்ளைகளைத் தலைகீழாக நிறுத்துவதில் அர்த்தமில்லை. தலைமுடிக் கதையும் அப்படியே.

கழுத்தில் ரத்தக்குழாய்ச் சுவரில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. தலைகீழானதும் அவை அழுத்தம் ஏறிவிட்டது என்று மூளைக்குத் தெரிவிக்கும். இதயத் துடிப்பு மெதுவாகும், குழாய்கள் தளரும். பழகியவர்கள் சொல்லும் அமைதியில் இதற்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். இதே ஏற்பாடுதான் சட்டென்று இறங்கி எழுந்து நிற்பவரைக் கிறுகிறுக்க வைக்கிறது. துடிப்பு மெதுவாக இருக்கும்போதே ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது, மூளைக்கு ஒரு கணம் போதாமல் போகிறது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் கடுமையாக வரும்.

பலன்களைப் பற்றி இருக்கும் பேச்சில் எனக்குப் பிடித்தது நேரு சொன்னது. சிறையில் தினமும் சிரசாசனம் செய்தவர் அவர். 1936-இல் வெளியான தன் சுயசரிதையில், உடலுக்கு நல்லதுதான் என்றாலும் மனதுக்குச் செய்த உதவிக்காகவே தனக்கு அது பிடித்தது என்கிறார். அந்தக் கோலத்தில் இருக்கும் லேசான வேடிக்கை தன்னைக் கலகலப்பாக்கி, வாழ்க்கையின் ஏறுமாறுகளைச் சகித்துக்கொள்ள வைத்தது என்பது அவர் கணக்கு. நோய் தீர்க்கும் பட்டியல்களைவிட இது நேர்மையானது.

கண்: உண்மையான எச்சரிக்கை

கண்ணுக்குள்ளும் ஒரு அழுத்தம் உண்டு. சாதாரணமாக அது 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனம் செய்யும் 75 பேரின் கண் அழுத்தத்தை அளந்து 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆசனத்தில் இருக்கும்போது எல்லா வயதினருக்கும் கண் அழுத்தம் இரு மடங்காகியிருந்தது. இதில் ஆறுதல் என்னவென்றால், அவர்களிடையே நிரந்தரமாகக் கண் அழுத்தம் உயர்ந்திருப்பவர்கள் வழக்கத்தைவிட அதிகமாக இல்லை.

ஆரோக்கியமான கண் இதைத் தாங்கிக்கொள்ளும். கிளாகோமா உள்ள கண்ணில் பார்வை நரம்பு ஏற்கெனவே நலிந்திருக்கும். தினமும் சில நிமிடம் இரட்டை அழுத்தம் என்பது அதற்கு ஆபத்து. சிக்கல் என்னவென்றால், கிளாகோமா பெரும்பாலும் வலியில்லாமல் வரும். தனக்கு இருப்பது தெரியாமலேயே பலர் இருப்பார்கள். நாற்பதைக் கடந்தவர்களும், குடும்பத்தில் யாருக்காவது கிளாகோமா இருப்பவர்களும் இதைக் கற்கும் முன்னால் ஒரு முறை கண் அழுத்தம் பார்த்துக்கொள்வது நல்லது. கண் மருத்துவமனையில் சில நிமிட வேலை.

யார் தொடங்கக்கூடாது?

1. கிளாகோமா, விழித்திரை விலகல், சுகரால் விழித்திரை பாதிப்பு உள்ளவர்கள், அண்மையில் கண் அறுவை சிகிச்சை செய்தவர்கள்.
2. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், முன்பு பக்கவாதம் வந்தவர்கள்.
3. கழுத்துத் தேய்மானம், தட்டு விலகல், கைக்கு இறங்கும் மரமரப்பு உள்ளவர்கள்.
4. எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள். மாதவிடாய் நின்ற பிறகு புதிதாகக் கற்க விரும்பும் பெண்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.
5. கர்ப்பிணிகள். பல வருஷப் பழக்கம் உள்ளவர்கள் தொடர்வதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். புதிதாகத் தொடங்கும் நேரம் இதுவல்ல.

சளி, காதுவலி, சைனஸ், நெஞ்செரிச்சல் இருக்கும் நாட்களில் விட்டுவிடலாம். சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

ஆயுஷ் பட்டியலில் சிரசாசனம் இல்லாததை இந்தப் பின்னணியில் பார்த்தால் ஆச்சரியம் வராது. மைதானத்தில் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் செய்யும்போது யாருக்குக் கண்ணில் என்ன, கழுத்தில் என்ன என்று யாரும் கேட்க முடியாது.

காலைத் தூக்குவதற்கு முன்

தயாரிப்பு என்றதும் பலர் வயிற்றை இறுக்கும் பயிற்சிகளுக்குப் போய்விடுகிறார்கள். வயிறும் வேண்டும்தான். ஆனால் முதல் தேவை தோள். சிரசாசனக் கையமைப்பிலேயே முன்கைகளை ஊன்றி, தலையைத் தரையில் வைக்காமல், முழங்காலை நீட்டி இடுப்பை உயர்த்தி நிற்கப் பழகுங்கள். டால்ஃபின் என்று இப்போது வகுப்புகளில் சொல்வது இதைத்தான். தலை தரைக்கு ஒரு அங்குலம் மேலே தொங்கியபடி பத்து மூச்சு நிதானமாக இருக்க முடிந்தால், தோள் உடம்பைத் தாங்கக் கற்றுவிட்டது என்று பொருள். ஐந்தாவது மூச்சிலேயே தோள் காதை நோக்கிச் சரிந்தால் இன்னும் நாளாகும்.

அடுத்தது தொடையின் பின்தசை. அது இறுகியிருந்தால் பாதங்களை முகத்தை நோக்கி நடத்தி வரும்போது முதுகு கூன் விழும். கூன் விழுந்த முதுகின் எடை நேராகப் பிடரியில் போய் விழும். காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பஸ்சிமோத்தானாசனமும், கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனமும் இதற்குத்தான். முன்கைகளில் நிற்கும் பலகை நிலையில் ஒரு நிமிடம் இடுப்பு தொய்யாமல் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இது எல்லாம் கூடிவரச் சிலருக்கு இரண்டு வாரம் ஆகும், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். நாளை எண்ணிக்கொண்டிருப்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஏறும் வரிசை

1. பெட்ஷீட் அல்லது ஜமுக்காளத்தை நான்காக மடித்து, சுவர் மூலையில், சுவரிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளிப் போடுங்கள். அரை அடி, ஒரு அடி தள்ளினால் கால் சுவரைத் தேடிப் பின்னால் சாயும், வயிறு முன்னால் பிதுங்கும், இடுப்பு வில்லாக வளையும்.
2. மண்டியிட்டு, முழங்கைகளைத் தோள் அகலத்துக்கு ஊன்றுங்கள். அதற்குமேல் விரிந்தால் தோள் பலம் போய்விடும். விரல்களை அடிவரை கோத்துக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் பக்கம் தரையில் அழுந்த வேண்டும், மணிக்கட்டு வெளியே உருளக்கூடாது.
3. உச்சந்தலையைத் தரையில் வையுங்கள். பிடரி உள்ளங்கைகளைத் தொட வேண்டும், ஆனால் கையால் தலையை நெரிக்க வேண்டாம்.
4. முன்கைகளால் தரையைத் தள்ளித் தோள்களைக் காதிலிருந்து விலக்குங்கள். தலையின் எடை குறைவது உடனே தெரியும். தெரியாவிட்டால் இங்கேயே நில்லுங்கள். மேலே போக வேண்டாம்.
5. முழங்காலைத் தரையிலிருந்து எடுத்து, பாதங்களை மெதுவாக முகத்தை நோக்கி நடத்துங்கள். இடுப்பு தோளுக்கு நேர் மேலே வந்ததும் பாதங்கள் தாமாகவே லேசாகும்.
6. இரண்டு முழங்கால்களையும் மடக்கி, தொடைகளை வயிற்றுக்கு இழுத்து, பாதங்களைத் தரையிலிருந்து எடுங்கள். உதைக்க வேண்டாம். இங்கே ஐந்து மூச்சு நிற்க வராதவர் காலை நீட்டக்கூடாது.
7. முழங்கால்களை மேல்நோக்கி உயர்த்தி, கடைசியாகக் கால்களை நீட்டுங்கள். வாய் மூடியிருக்கட்டும், மூச்சு மூக்கில் ஓடட்டும். மூச்சைப் பிடித்தால் தலையில் அழுத்தம் இன்னும் ஏறும்.

ஆறாவது படிதான் இந்த ஆசனத்தின் உயிர். அங்கே வந்து வாரக்கணக்கில் நின்றவர்களுக்கு ஏழாவது படி ஒரு வேலையே இல்லை. அங்கே நிற்காமல் உதைத்து ஏறியவர்கள் பல வருஷம் கழித்தும் சுவரை விட்டு வர முடியாமல் இருப்பார்கள்.

விழுதல், இறங்குதல்

பயம் பெரும்பாலும் பின்பக்கமாக விழுவதைப் பற்றியது. விழும்போது விரல்களைப் பிரித்து, முழங்காலை மடக்கி, உடம்பைச் சுருட்டி உருண்டுவிட வேண்டும். விறைப்பாகக் காலை நீட்டியபடியே சாய்ந்தால்தான் கழுத்து மாட்டும். அறை நடுவில் செய்யத் தொடங்கும் முன், பின்னால் நாற்காலி, கட்டில் முனை ஏதும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இது சொல்லித் தெரிய வேண்டியதல்ல, ஆனாலும் அடிபடுவது பெரும்பாலும் இதில்தான்.

இறங்கும்போது ஏறிய வழியிலேயே, முழங்காலை மடக்கி, மெதுவாக. பாதம் பட்டதும் எழக்கூடாது. குதிகால்மேல் உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைத்து, ஏழெட்டு மூச்சு அப்படியே இருங்கள். அப்புறம் தலை கடைசியாக நிமிரட்டும்.

தொடக்கத்தில் 20, 30 வினாடி போதும். கை தளர்ந்து தோள் சரியத் தொடங்கினால், வினாடி எத்தனையானாலும் அன்றைக்கு அவ்வளவுதான். விரலில் மரமரப்பு, கையில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு சுளீர், பார்வையில் மின்னல் அல்லது கருப்புப் புள்ளிகள் தெரிந்தால் உடனே இறங்கி மருத்துவரைப் பாருங்கள். மறுநாள் தோள் வலித்தால் பழகிக்கொண்டிருக்கிறது என்று விடலாம். கழுத்து வலித்தால் நான்காவது படிக்குத் திரும்புங்கள்.

தலையில் எடை வேண்டாம் என்றால்

யோகா ஆசிரியர் பி.கே.எஸ். ஐயங்கார் வழியில் கற்பிக்கும் இடங்களில் சுவரில் மாட்டிய கயிற்றில் இடுப்பைத் தொங்கவிட்டுத் தலைகீழாக இருக்கச் செய்வார்கள். தலை தரையைத் தொடாது, கழுத்து நீளும். இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே வைத்து, தோள்களை அவற்றில் தாங்கி, தலையை இடைவெளியில் தொங்கவிடும் முறையும் உண்டு. கழுத்துத் தொல்லை உள்ளவர்களுக்கு இவை நல்ல மாற்று. ஆனால் முதல் தடவை தெரிந்தவர் துணையோடுதான். நாற்காலி வழுக்கினால் கணக்கே மாறிவிடும். கண், ரத்த அழுத்தம் பற்றிய எச்சரிக்கைகள் இவற்றுக்கும் அப்படியே பொருந்தும். தலை தரையில் படாவிட்டாலும் அது இதயத்துக்குக் கீழேதானே இருக்கிறது.

அதுவும் வேண்டாம் என்பவர்கள் தரையில் படுத்து, இடுப்பைச் சுவரோரம் ஒட்டி, கால்களைச் சுவரில் உயர்த்திப் பத்து நிமிடம் இருக்கலாம். ஓய்வுக்கு இதுவே போதும். கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்கிறவர்கள் மட்டும், இதற்கும் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.